எதுக்கு அக்காவும் ஏழு நிற விளக்கும்

வாசகரே, இந்த வழக்கில் நீங்கள்தான் முதல் சாட்சி. எழுந்துபோய் உங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் முன்னால் நின்று, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லுங்கள். அதில் இருக்கும் பொத்தான்களில், வாங்கிய நாள்முதல் இன்றுவரை உங்கள் விரல் பட்டவை எவை? ஒன்று, மிஞ்சிப் போனால் இன்னொன்று. மீதமுள்ளவை எல்லாம் கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டு நிற்கும் பொம்மைகளைப்போல வருவோரைப் பார்த்துச் சும்மா சிரித்துக்கொண்டிருக்கின்றன. அவை எதற்கு என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. ஆனால் கேட்ட ஒருவர் மதுரையில் இருக்கிறார். வைகையின் வடகரையிலும் தென்கரையிலும் அவரைப்போல் கேள்வி கேட்ட பொறியாளர் இதுவரை பிறக்கவில்லை. இனி ஒருவர் பிறந்தால், அவரிடமும் 'நீ எதுக்கு?' என்று கேட்டுவிட்டுத்தான் இவர் தொட்டிலை ஆட்டவே விடுவார்.

அவருக்கென்று ஒரு பெயர் ஆதார் அட்டையில் இருக்கக்கூடும். ஆனையூரில் நாங்கள் வேலைபார்த்த கம்பெனியில் அவர் பெயர் 'எதுக்கு அக்கா'. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் அழைத்தார்கள். அவரும் மறுத்ததில்லை. இன்னொரு பெயர் எதுக்கு என்று எண்ணியிருப்பார்.

எங்கள் கம்பெனியின் தொழில் ஸ்டார்ட்டர் பெட்டி. கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மோட்டார் அறைச் சுவரில் மாட்டியிருக்குமே, அந்தப் பெட்டி. எங்களுடையதில் கூடுதலாக ஒரு வித்தை உண்டு; வீட்டில் இருந்தபடி செல்போனில் அழைத்தாலும் அது மோட்டாரைப் போட்டுவிடும். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் எதுக்கு அக்கா. அதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதற்கு அமர்த்தப்பட்டவன் நான். கல்லூரிக் காலத்தில் பேச்சுப் போட்டி என்று எங்கே பந்தல் போட்டாலும் கோப்பை என் கையில்தான் வந்து சேரும் என்பதைத் தன்னடக்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

வேலைக்கான நேர்காணலிலேயே எங்களுக்குள் போர் மூண்டது. அறையில் இருந்தவர்கள் முதலாளியும் அக்காவும் மட்டுமே. முதலாளியை எல்லோரும் பாய் என்று அழைப்போம். நான் எழுந்து, கைகூப்பி, "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று தொடங்கினேன்.

"ரெண்டு பேருதான்ப்பா உக்காந்திருக்கோம். அவை எதுக்கு?" என்றார் அக்கா.

"அது மேடை மரபு."

"மரபு எதுக்கு?"

"கேட்போர் மனத்தைத் தயார்ப்படுத்துவதற்கு!"

"நாங்க தயாராத்தேன் இருக்கோம். பெட்டிய எப்புடி விப்பன்னு சொல்லு."

நான் சளைக்கவில்லை. நிலத்தடி நீரில் தொடங்கி, நெற்கதிரில் நிமிர்ந்து, நிறைந்த களஞ்சியத்தில் போய் நின்றேன். பாய் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மாஷா அல்லாஹ்! தம்பி பேசுனா காஞ்ச கெணத்துலயும் தண்ணி வந்துரும்போல இருக்கே!" வேலை கிடைத்தது. அக்கா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிகாரத்தில் நொடி முள் கிடையாது. அவரே கழற்றிவிட்டாராம். "நொடி எதுக்கு? நான் என்ன ராக்கெட்டா விடுறேன்?"

தெற்குமாசி வீதிப் பக்கம் ஒருமுறை கம்பெனி ஆட்கள் எல்லோரும் ஜிகர்தண்டா குடிக்கப் போனோம். கோப்பையின் உச்சியில் கடைக்காரர் சிவப்பாக ஒரு செர்ரிப் பழத்தை வைத்தார். அக்கா கோப்பையை வாங்கவில்லை.

"அண்ணே, இது எதுக்கு?"

"அழகுக்குத் தாயி."

"பாலு நல்லாருக்கா?"

"எங்க பாலு மாதிரி எங்கிட்டுப் போனாலும் கெடைக்காது!"

"அப்பறம் அழகு எதுக்குண்ணே?"

கடைக்காரர் செர்ரியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வேறு வழி தெரிந்திருக்காது. அடுத்த முறை நாங்கள் போனபோது, தூரத்திலேயே அக்காவைப் பார்த்துவிட்டு, செர்ரி டப்பாவைத் துண்டால் மூடினார்.

இவ்வளவையும் கேட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி எறிகிறவர் என்று அவரை நீங்கள் எடைபோட்டுவிட வேண்டாம். எங்கள் கம்பெனி வாசல் கதவின் அடியில் ஒரு செங்கல் கிடக்கும். வந்த புதிதில் அதன்மேல் தடுக்கிய அக்கா, வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"இது எதுக்குண்ணே?"

"காத்துக்குக் கதவு அடிச்சுக்கும்மா. முட்டுக் குடுக்க."

"சரி. அப்ப இருக்கணும்."

அன்று மதியமே அந்தச் செங்கலுக்கு வெள்ளை அடித்து, கதவோரமாகப் பள்ளம் தோண்டி, ஆடாமல் பதித்துவிட்டார். பதில் சொல்லத் தெரிந்த பொருளுக்கு அவரிடம் கோயில் மாட்டின் மரியாதை கிடைக்கும். பதில் இல்லாத பொருளுக்கு வாசல்தான்.

அப்படிப்பட்டவருடைய ராஜ்யத்தில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தடை இருந்தது. தமிழர்கள் தினந்தோறும் மூச்சுவிடுவதுபோல் சொல்லும் வாக்கியம் அது: 'அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.' பரணில் கிடக்கும் ஓட்டைக் குடத்தைப் பார்த்துச் சொல்கிறோம். ஓடாத கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் இடம்பிடித்த, யாருக்கும் உறவு விளங்காத பெரியவரைப் பார்த்தும் சொல்கிறோம். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்து அதைச் சொல்லக்கூடாது என்பது அக்காவின் சட்டம். சொன்னவர், அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்று, அது எதற்காக என்று விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அவரே அதைக் கழற்றவும் வேண்டும்.

செல்வம் என்று ஒருவன், தயாரான பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தான். எனக்கு மாப்பிள்ளை முறை சொல்லிக்கொள்வான். ஒருநாள் அவன் கூடுதலாக ஒரு ஸ்க்ரூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "அக்கா, இது... ஒரு தைரியத்துக்கு" என்றான். "தைரியம் ஒனக்கா, பெட்டிக்கா?" என்றார் அக்கா. கழற்றினான்.

பேச்சுக்கலை பயின்ற எவனும் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். மதிய உணவு இடைவேளையில் முறைப்படி பட்டிமன்றத்துக்கு அறைகூவல் விடுத்தேன். பாய் நடுவர். பொறியியலில் சிறந்தது வசதிகளைக் கூட்டுவதா, குறைப்பதா என்பது தலைப்பு. கூட்டுவதே என்ற அணியில் நான். எதிரணியில், தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த அக்கா.

"நடுவர் அவர்களே! அதோ மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். சிற்பத்தின்மேல் சிற்பம், சிற்பத்துக்குள் சிற்பம்! ஒன்று போதும் என்று நம் முன்னோர் நினைத்திருந்தால் நமக்குக் கோபுரம் கிடைத்திருக்குமா? கம்பம்தானே கிடைத்திருக்கும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. செல்வம் விசிலே அடித்துவிட்டான். அக்கா எழவில்லை. கையில் ஊறுகாயோடு சொன்னார்: "கோபுரம் அண்ணாந்து பாக்குறதுக்குக் கட்டுனது. அதுல ஒவ்வொரு பொம்மைக்கும் அதுதேன் வேலை. ஸ்டார்ட்டரு பாக்குறதுக்கா செய்யுறோம்? அதப் போட்டுட்டு அவரு வயலப் பாக்கணும். எது எதுக்குன்னு நீ கேக்கவே இல்லையே ராசா. அம்புட்டுத்தேன்."

பாய் தொண்டையைச் செருமினார். இரு பக்கமும் பார்த்தார். "பொருள விக்கிற வரைக்கும் தம்பி கட்சி. வித்ததுக்கு அப்பறம் அக்கா கட்சி" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் மனம் என் அணியில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். பழைய ஊருக்குள் தலைமுறையாகச் சீரியல் விளக்கு வாடகைக்கு விடும் குடும்பம் அவருடையது. கோயில் திருவிழாவோ தர்கா சந்தனக்கூடோ, அவர்கள் விளக்குப் போட்ட தெருவில் நடப்பவர்கள் வாயைத் திறந்துகொண்டே நடப்பார்களாம். அந்தப் பரம்பரையில் வந்தவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியையும் அதில் ஒரு பச்சைப் பொத்தானையும் ஒரு சிவப்புப் பொத்தானையும் வைத்துக்கொண்டு எப்படி உறங்குவார்? அதிலும் எதிர்க் கம்பெனியின் பெட்டியில் திரை இருந்தது. அது 'வணக்கம், உங்கள் மோட்டார் ஓடத் தொடங்குகிறது' என்று பெண் குரலில் பேசியது. பொங்கலுக்கு வாழ்த்துக்கூடச் சொல்லியது.

"ஒரே ஒரு வெளக்கும்மா. நம்ம கம்பெனிப் பேரச் சுத்தி ஏழு கலர்ல ஓடுற மாதிரி" என்று பாய் வாராவாரம் கேட்பார்.

"எதுக்கு பாய்?"

"ஒரு இதுக்கும்மா."

"எதுக்கு?"

பாய் பெருமூச்சோடு திரும்புவார்.

ஆனால் ரம்ஜான் விடுமுறை முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது, புதிய பெட்டிகளின் மூடியில் விளக்கு இருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கம்பெனிப் பெயரைச் சுற்றி ஓடி, கடைசியில் எல்லா நிறமும் சேர்ந்து ஒருமுறை வெள்ளையாகப் பளிச்சிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடியது. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். "என்னக்கா, வெளக்கு?" என்று செல்வம் கேட்டான். "ஒயரு ஆர்டர் வந்துருச்சா பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் நழுவியதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் திருவாதவூர் ஆர்டர் வந்தது. அங்குள்ள விவசாயிகள் சங்கம் தங்கள் கிணறுகளுக்கெல்லாம் எங்கள் பெட்டியைக் கேட்டது. கம்பெனியின் மூச்சே அதில்தான் இருந்தது. நாற்று விட்டாகிவிட்டது, நடவுக்குள் பெட்டி வந்தாக வேண்டும், வராவிட்டால் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று சங்கத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாய் இரவும் பகலும் தூங்காமல், எங்களையும் தூங்கவிடாமல், பெட்டிகளைத் தயாராக்கினார்.

பெட்டிகளை அனுப்ப வேண்டிய காலையில் லாரி வந்து வாசலில் நின்றது. எல்லாம் ஏற்றி முடிந்தது. கடைசிப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்த செல்வம், "அக்கா" என்றான். குரல் சரியில்லை.

"என்னடா?"

"மோட்டாரு ஓடுச்சுக்கா. சட்டுன்னு நின்னுருச்சு. மறுபடி போட்டா ஓடுது. எம்புட்டு தடவ போட்டாலும் ஓடுது. ஒரே ஒரு தடவதேன் நின்னுச்சு. கண்ணு பட்டுருச்சு போல. அது பாட்டுக்கு..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா நேரே லாரிக்குப் போய், "அண்ணே, சாவியக் குடுங்க" என்றார். டிரைவர் எதற்கென்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். அதைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, சோதனை மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாய் ஓடி வந்தார். "என்னாம்மா, வண்டி நிக்குது?"

"ஒரு பெட்டி நின்னுருச்சு பாய்."

"அந்த ஒண்ண எறக்கி வச்சுட்டு மத்தத அனுப்பு."

"மத்ததும் இதே பெட்டிதான பாய்? ஏன் நின்னுச்சுன்னு தெரியாம எத எறக்குறது, எத ஏத்துறது?"

"ஒரு தடவதானேம்மா நின்னுச்சு!"

"நமக்கு ஒரு தடவ. அவுக நாத்து காஞ்சு போறதும் ஒரு தடவதேன் பாய்."

பாயின் முகம் சிவந்தது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "பாரும்மா, எல்லாரு முன்னாடியும் சொல்றேன். இந்த லோடு என்னைக்குத் திருவாதவூரு போய்ச் சேருதோ, அன்னைக்கோட ஒனக்கு இங்க வேலை இல்ல. வேற எடம் பாத்துக்க."

"பாத்துக்கிறேன் பாய். அதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியின் மூடியைத் திறந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பாய் வியாபாரக் குடும்பத்து மனிதர். ஆட்கள் முன்னிலையில் சொன்ன சொல்லை விழுங்கிப் பழக்கமில்லாதவர். வேலை போய்விட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது, அக்காவுக்கும் புரிந்திருந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடுத்த ஸ்க்ரூவுக்குப் போனார்.

பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தலைவருக்குப் போன் போடு. வண்டி பஞ்சர்னு சொல்லு. நீ சொன்னா நம்பிருவாரு."

பஞ்சர் என்ற நான்கெழுத்தோடு முடித்துவிட்டால் நான் பெற்ற பயிற்சிக்கு என்ன பொருள்? போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். "ஐயா, வணக்கம். இயற்கையும் எந்திரமும் கைகோத்து மனித முயற்சியைச் சோதிக்கின்ற சில தருணங்களிலே..."

"யாருப்பா நீ? ஓட்டு இப்பத்தேன போட்டோம்!" என்றது எதிர்க்குரல்.

நான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுப்பதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டார்.

"அண்ணே, ஸ்டார்ட்டர் கம்பெனில இருந்து பேசுறேன். பெட்டி இன்னைக்கு வராது. ஒரு கோளாறு இருக்கு. என்னான்னு தெரியல."

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அப்ப கோளாறான பெட்டியத்தேன் அனுப்ப இருந்தீகளா?" என்று கேட்டார் தலைவர்.

"ஆமாண்ணே. காலையில வரைக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சுருச்சு. அதேன் அனுப்பல."

"எப்பத்தா சரியாகும்?"

"அதுவும் தெரியாதுண்ணே. கண்டுபிடிச்சதும் முதல் போனு ஒங்களுக்குத்தேன்."

எதிர்முனையில் தூரத்தே ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. பிறகு தலைவர் சொன்னார்: "வண்டி பஞ்சர்னு மட்டும் சொல்லியிருந்தீக, இந்நேரம் அடுத்த கம்பெனியக் கூப்புட்டுருப்பேன். எங்கிட்ட வார எல்லாப் பயலுக்கும் பஞ்சர்தேன் ஆகுது. சரி தாயி. நாத்து தாங்குற வரைக்கும் பாக்குறேன். இழுத்துப்புடாதீக."

அதற்குப் பின் நடந்ததைப் போர்க்களம் என்று சொன்னால் மிகையாகாது. கிராமத்தில் கரண்ட் எப்படி வருமோ அப்படியே வோல்டேஜைக் குறைத்து வைத்துக்கொண்டு, அக்கா பச்சையை அமுக்கினார், பார்த்தார், சிவப்பை அமுக்கினார், மறுபடி பச்சை. பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு பொருளையும் தொட்டு, "நீ எதுக்கு? சரி, இரு. நீ எதுக்கு? ம், நீயும் இரு" என்று விசாரித்துக்கொண்டே போனார். மோட்டார் நிற்கவே இல்லை. செல்வம் எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றான். நான் பருவநிலை மாற்றத்தைக் காரணமாக முன்மொழிந்தேன். ஒன்றும் ஏற்கப்படவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில், வெயில் கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது, விசாரணை விளக்கிடம் வந்து சேர்ந்தது. அக்கா அதனிடம் எதுவும் கேட்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு ஓடியது, நீலம் ஓடியது, எல்லாம் சேர்ந்து வெள்ளையாகப் பளிச்சிட்ட அந்த நொடியில் சரியாகப் பச்சையை அமுக்கினார்.

மோட்டார் உறுமியது. நின்றது.

மறுபடியும் வெள்ளை வரக் காத்திருந்து அமுக்கினார். மறுபடியும் நின்றது.

எல்லோரையும் கூப்பிட்டார். விளக்கைக் கழற்றி, தம் சட்டப்படியே தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். "எல்லாக் கலரும் ஒண்ணா எரியுறப்ப இது ரொம்ப கரண்ட்டு குடிக்குது. ஊர்ல வோல்டேஜ் கொறைஞ்சு கெடக்கும். அந்த நேரம் பாத்து மோட்டாரப் போட்டா, பெட்டியோட மூளைக்குப் போற கரண்ட்டையும் இது குடிச்சுப்புடுது. மூளை மயங்குது, மோட்டாரு நிக்குது. இது எதுக்குன்னு என்னால வெளக்க முடியாது. பெருநாளன்னைக்கு பாய் வண்டியூருக்கு எங்க வீடு தேடி வந்து பிரியாணி குடுத்தாரு. கறி வாயில இருக்கையில வெளக்கு வைக்கலாமான்னு கேட்டாரு. நாந்தேன், 'சரி பாய், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்'னு சொல்லிப்புட்டேன்."

செல்வம் மெதுவாகக் கேட்டான்: "மட்டனாக்கா?"

"ஆமாடா."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அக்காவே சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. அந்த விளக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எங்க அத்தா வெளக்குப் போட்டா ஊரே நின்னு பாக்கும்மா" என்றார், தகப்பனாரை நினைத்து.

"அந்த வெளக்க ஊரு நின்னு பாக்கட்டும் பாய். மோட்டாரு நிக்கக்கூடாதுல்ல."

பாய் விளக்கைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தம் அறைக்குப் போய்விட்டார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

லாரியிலிருந்து பெட்டிகள் அத்தனையும் இறங்கின. விளக்கின் ஒயரை வெட்டிவிட்டால் போதுமே என்றேன். "வெட்டிட்டு மிச்சத்த உள்ளேயே விட்டா, நாளைக்குத் தொறக்குறவன் இது எதுக்குன்னு மண்டையப் பிச்சுக்குவான். வேரோட எடுக்கணும்" என்றார். வேரோடு எடுத்தோம். விளக்கிருந்த துளைகளைத் தண்ணீர் புகாதபடி அடைத்தோம். அடைத்த ஒவ்வொன்றின்மேலும் அவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எந்த நாள் வேலை முடிகிறதோ அந்த நாளே தம் வேலையும் முடிகிறது என்று அறிந்த ஒருவர், ஒரு துளையைக்கூட மேலோட்டமாக விடவில்லை. வெற்றி பெறுவதற்காக உழைப்பவர்களைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ முழங்கியிருக்கிறேன். தம்மை வெளியே அனுப்பப்போகும் வண்டிக்கு இவ்வளவு நேர்த்தியாகச் சரக்கு ஏற்றியவரை அதற்குமுன் நான் கண்டதில்லை.

நாற்று தாங்கியது. திருவாதவூருக்கு எல்லோரும் போனோம். தலைவர் தோட்டத்துக் கிணற்றில் அக்காவே முதல் பெட்டியை மாட்டினார். தலைவர் பச்சையை அமுக்கினார். குழாய் இருமியது, துப்பியது, பிறகு வெள்ளை வேட்டியை உதறியதுபோலத் தண்ணீர் கொட்டியது. ஊரே தண்ணீரை நோக்கி ஓடியது. ஒருவர் காலை நனைத்தார், ஒருவர் முகத்தைக் கழுவினார், "ஏய், அங்கிட்டு மடைய வெட்டிவிடுப்பா!" என்று ஒருவர் கத்தினார். பெட்டியை யாருமே சட்டைசெய்யவில்லை. எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அக்கா என் கையைக் கிள்ளினார்.

"பாத்தியா? ஒருத்தரும் பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்கல!"

கைதட்டல் விழும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் முகம் அப்போது அப்படி இருந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கருவிகளைப் பைக்குள் வைத்து, பாயிடம் போனார். "லோடு சேந்துருச்சு பாய். போறேன்."

எங்கள் ஊரில் விடைபெறும் எல்லோரும் 'வாரேன்' என்பார்கள். அடுத்த தெருவுக்குப் போனாலும், வெளிநாட்டுக்கு விமானம் ஏறினாலும் 'வாரேன்'தான். அக்கா யோசித்துப் பேசுகிறவர். திரும்பி வருவதில்லை என்பதால் 'போறேன்' என்றார். பாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

அப்போது தலைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதேன தம்பி போன்ல பேசுனது? மேல ஏறு, ரெண்டு வார்த்தை பேசு. கேப்போம்."

சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றேன். எளிமையும் உழைப்பும் இணைபிரியாதவை என்று ஒரு முழுநீள உரை என்னிடம் தயாராக இருந்தது. வரப்பில் அக்காவின் முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. உரையில் ஒரு வரியும் அப்போது எனக்கு எதற்கும் உதவவில்லை.

"பெரியோர்களே! இந்தப் பெட்டி ஓடும். என்றைக்காவது நின்றால் சாக்குச் சொல்ல எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் வீடு திரும்பத் தெரியாத ஒருவர்தான் வருவார். அதோ போகிறாரே, அவர் வருவார். இந்தப் போகத்துக்கும் வருவார், அடுத்த போகத்துக்கும் வருவார். எங்கள் முதலாளி இங்கேயே நிற்கிறார். அவர் முன்னிலையில் இந்த வாக்கை ஊருக்குத் தருகிறேன்."

தலைவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பாய், தம்பி சொல்றது சரிதான? அந்தத் தாயிதேன வரும்?"

ஊர் முழுக்க பாயைப் பார்த்தது. அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அவர் நின்ற இடம்வரை தெறிக்கவில்லை. என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"சத்தமாச் சொல்லு தம்பி. அந்தப் புள்ளைக்குக் கேக்கல பாரு."

மேடைகளில் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் திரட்டினேன். வரப்பின் அந்தக் கோடியில், அந்தத் தோள்பை சட்டென்று நின்று திரும்பும்படி, அடித்தொண்டையிலிருந்து கத்திச் சொன்னேன்:

"எங்க அக்காதேன் வருவாங்க! எப்பக் கூப்புட்டாலும் எங்க அக்காதேன் வருவாங்க!"